எழுபதும் எழுபதும் நூற்று நாற்பது

கல்லூரி ஆசிரியர் நியமனத்துக்கும் பதவி உயர்வுக்கும் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2018இல் வெளியிட்ட விதிகளின் பின்னிணைப்பு அட்டவணையில் ஒரு வேடிக்கையான கணக்கு இருக்கிறது. ஓர் ஆய்வுக் கட்டுரையை இருவர் சேர்ந்து எழுதினால், அதற்குரிய புள்ளியில் ஆளுக்கு 70 விழுக்காடு. இருவருக்கு மேல் போனால் முதன்மை ஆசிரியருக்கு 70, மற்ற ஒவ்வொருவருக்கும் 30. ஐந்து பெயர் போட்ட கட்டுரை இப்படி 190 விழுக்காடாகிவிடும். தனியாக உட்கார்ந்து எழுதியவருக்கு நூறுதான். கணக்கு வாத்தியார் இதைப் பார்த்துத் திகைக்கலாம். பதவி உயர்வுக்குக் காத்திருக்கும் உதவிப் பேராசிரியருக்கு ஒரே வாசிப்பில் விளங்கிவிடும்.

இந்த அட்டவணையை எடுத்துக்கொண்டு போய்ப் பழனிமலையின் மேல் வைத்துப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. கொடைக்கானல், பூம்பாறை, மன்னவனூர், தாண்டிக்குடி என்று விரியும் அந்த மலைக்கு ஆராய்ச்சி புதிதல்ல. 1821இல் லெப்டினன்ட் வார்டு மலையை அளந்து அறிக்கை எழுதினார். 1836இல் ராபர்ட் ஒயிட் செடிகொடி சேகரிக்க ஏறினார். செண்பகனூரில் இயேசு சபையார் 1895இல் குருமடம் அமைத்தார்கள். அதையொட்டி அருங்காட்சியகம் வளர்ந்தது. அந்தச் சபையின் ஆங்லாட் அடிகளார் மலையின் கல்திட்டைகளைப் பற்றி நியூட்டன் என்பவரோடு சேர்ந்து எழுதிய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1928இல் வெளியிட்டது. இவர்களில் யாரும் யு.ஜி.சி. ஆசிரியர் இல்லை, ஆண்டுக் கடைசியில் புள்ளி கூட்டிக் காட்டும் தேவையும் அவர்களுக்கு இருக்கவில்லை. இருந்தாலும் போட்டுப் பார்ப்போம். ஓர் அளவுகோல் எதை அளக்கத் தவறுகிறது என்பது, நன்றாகத் தெரிந்த பொருளின் மேல் அதை வைக்கும்போதுதான் தெரியவரும்.

முதலில் அருட்தந்தை கே.எம்.மேத்யூ. திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினட் உலர்தாவரகத்தில் இருந்து வேலை செய்தவர். கொடைக்கானலில் வெளியிலிருந்து வந்து குடியேறிய செடிகளைப் பற்றி 1969இலேயே எழுதியிருந்தார். பிறகு தமிழகத்தின் கர்நாடகச் சமவெளித் தாவரங்களைப் பற்றிய பெருந்தொகுதிகள் எண்பதுகளில் வந்தன. பழனிமலைத் தாவரங்கள் பற்றிய மூன்று பாகங்கள் 1999இல் வெளியாயின. முதல் நூலிலிருந்து இந்தப் பாகங்கள் வரை முப்பது ஆண்டு. ஏன் இவ்வளவு நாள் என்று செடி சேகரித்துப் பழகியவர்கள் கேட்க மாட்டார்கள். ஒரு செடியை அடையாளம் காணப் பூ வேண்டும். பல குடும்பங்களில் காயும் வேண்டும். பூத்திருக்கும்போது ஒரு தடவை, காய்த்த பிறகு இன்னொரு தடவை அதே சோலைக்குள் போக வேண்டும். பறித்ததை நாளிதழ்த் தாளுக்குள் வைத்து அழுத்தி, ஈரம் வாங்கிய தாளை மாற்றி மாற்றி உலர்த்தி, அட்டையில் ஒட்டி, எந்த ஊர், எவ்வளவு உயரம், என்றைக்கு, யார் பறித்தது என்று சீட்டு எழுத வேண்டும். பிறகு முன்னோர் சேகரித்து வைத்த மாதிரிகளோடு ஒப்பிட வேண்டும். குறிஞ்சியோ பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் பூக்கும். அதற்கு நிதியாண்டு தெரியாது.

அட்டவணைப்படி, தேசியப் பதிப்பகம் வெளியிட்ட ஒரு நூலுக்குப் புள்ளி 10. அறிவியல் துறையில் ஒரு கட்டுரைக்கு 8. தாக்கக் குறியீடு ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையில் உள்ள இதழில் அந்தக் கட்டுரை வந்திருந்தால் அது நூலைத் தாண்டிவிடும். ஆக, பழனிமலையின் தாவரம் முழுவதையும் இனம் பிரித்துச் சொன்ன மூன்று பாகங்களும், ஒரே நூலாகக் கொண்டால், சுமாரான இதழில் வந்த ஒற்றைக் கட்டுரைக்குக் கீழே நிற்கின்றன. உலர்தாவரகமே வெளியிட்ட நூல் தேசியப் பதிப்பகக் கணக்கில் வருமா என்று ஓர் அலுவலக உதவியாளர் சந்தேகம் கிளப்பினால் அந்தப் பத்தும் போய்விடும்.

இரண்டாவது, சூரிய வானாய்வகம். இதன் பிறப்பே ஒரு பஞ்சத்தில் இருக்கிறது. 1876–78இல் சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு, பருவமழைக்கும் சூரியப் புள்ளிகளுக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி அரசாங்கத்தைத் துளைத்தது. மலைமேல் ஒரு சூரிய ஆய்வகம் வேண்டும் என்பது அப்போது எழுந்த யோசனை. 1895இல் ஆளுநர் வென்லாக் அடிக்கல் நாட்டினார். 1899இல் சென்னை வானாய்வகத்தின் பணி கொடைக்கானலுக்கு மாறியது. மைக்கி ஸ்மித் முதல் இயக்குநர். 1904 முதல், மேகம் விட்ட நாளெல்லாம் சூரியனைப் படம் பிடித்துக் கண்ணாடித் தகட்டில் பதித்தார்கள். வெண்ணொளிப் படத்தில் சூரிய வட்டம் சுமார் 20 சென்டிமீட்டர் விட்டம். ஒரு சாப்பாட்டுத் தட்டளவு. அதில் மிளகு தெளித்ததுபோல் புள்ளிகள். கால்சிய ஒளியிலும், 1912 முதல் ஹைட்ரஜன் ஒளியிலும் படங்கள் சேர்ந்தன. படம் எடுத்த நேரமும் வானத்தின் நிலையும் குறிப்பேட்டில் ஏறின. இப்படியே நூறு ஆண்டுக்கு மேல்.

சூரியப் புள்ளிகள் கூடிக் குறையும் சுற்று ஏறத்தாழ 11 ஆண்டு. முப்பது ஆண்டு வேலை பார்க்கும் ஒருவர் மூன்று சுற்றைக்கூட முழுதாகப் பார்க்க முடியாது. அன்றன்றைய தகட்டினால் அன்றைக்கு ஒரு பிரயோசனமும் இல்லை; எடுத்தவர் ஓய்வு பெற்று, அவருக்கு அடுத்தவரும் ஓய்வு பெற்ற பிறகுதான் அந்த வரிசைக்கே மதிப்பு வருகிறது. இந்திய வான் இயற்பியல் நிறுவனம் இந்தத் தகடுகளை எண்மமாக்கியபோதுதான் அவற்றின் முழுப் பயன் உலகுக்குக் கிடைத்தது. சூரியனின் சுழற்சி, துருவப் பகுதிகளின் காந்தப்புலம், புள்ளிகளின் நெடுநாள் நடமாட்டம் என்று இன்றைய ஆய்வாளர்கள் அவற்றைத் துருவுகிறார்கள். அட்டவணையில் இதற்கு என்ன புள்ளி? பூஜ்யம். ஒரு நாளின் குறிப்பைப் பிழையில்லாமல் எழுதியதற்குப் புள்ளி கிடையாது. ஆனால் அந்தக் குறிப்பில் நேரத்தைத் தவறாக எழுதியிருந்தால், நூறு ஆண்டு கழித்துக் கணினி முன் உட்காரும் ஒருவர் சூரியன் தப்பாகச் சுழல்வதாகக் காண நேரும்.

ஆங்கில வானியலாளர் ஜான் எவர்ஷெட் இந்த மலைக்கு 1907இல் வந்தார். அப்போது கலிஃபோர்னியாவின் ஜார்ஜ் ஹேல் சூரியப் புள்ளிகளில் காந்தப்புலத்தைக் கண்டறியும் பாதையில் இருந்தார், 1908இல் அறிவித்தார். புள்ளிகள் சுழல்கள் என்பது அன்றைய எதிர்பார்ப்பு. 1909 ஜனவரியில் எவர்ஷெட் புள்ளி ஒன்றின் நிறமாலையைப் பார்த்தபோது கோடுகள் சாய்ந்திருந்தன. புள்ளியின் கருமையத்திலிருந்து ஓரம் நோக்கி வாயு ஆரப்போக்கில் வெளியே பாய்கிறது, சுழலவில்லை என்று அவர் முடிவுக்கு வந்தார். கொடைக்கானல் வானாய்வக வெளியீட்டில் அச்சிட்டார்; லண்டன் ராயல் வானியல் கழக மாத இதழுக்கும் அனுப்பினார். வேலை முடிந்தது. அந்தப் பாய்ச்சலுக்கு முழுமையான விளக்கம் கிடைக்க ஏறத்தாழ இன்னொரு நூற்றாண்டு பிடித்தது. எவர்ஷெட் விளைவு என்று பெயர் பெற்ற அதற்கு 2008இல் இந்திய அஞ்சல் துறை ஒரு தபால்தலை வெளியிட்டது. இதே கண்டுபிடிப்பு இன்றைக்கு வந்திருந்தால் முதற்கட்ட முடிவு, விரிவான முடிவு, வேறு பத்துப் புள்ளிகளில் முடிவு, கருவி பற்றிய குறிப்பு என்று நாலாக நறுக்கப்பட்டிருக்கும். யாரும் அதைக் குற்றமாகவும் பார்த்திருக்க மாட்டார்கள்.

இதைச் சொல்லும்போதே ஒரு தடை எழுகிறது. பழைய மலை அமைதியைப் புகழ்வது எளிது. அது யாருடைய அமைதி என்றும் கேட்க வேண்டும். எவர்ஷெட்டுக்கு அரசுச் சம்பளம் இருந்தது. எழுதி அனுப்பினால் பிரித்துப் படிக்க லண்டனில் ஆட்கள் இருந்தார்கள். அவர் மனைவி மேரி எவர்ஷெட் சூரியப் பிழம்புகள் பற்றிய 1917ஆம் ஆண்டு ஆய்வேட்டின் இணை ஆசிரியர், தாந்தேயின் வானியல் பற்றித் தனி நூல் எழுதியவர். வானாய்வகத்தில் அவருக்குப் பதவி கிடையாது. தகடு கழுவி, நேரம் குறித்து, புள்ளி எண்ணிய இந்திய உதவியாளர்களின் பெயர் சூரிய இயற்பியல் பாடநூல்களில் வராது. 1937 வரை அங்கே ஓர் இந்திய இயக்குநர் இல்லை. தன்னைப் பற்றித் தானே பேச வேண்டிய தேவை இல்லாமல் இருப்பதும் ஒரு சலுகைதான். இராமானுஜன் தன் கணக்கு நோட்டுகளைத் தூக்கிக்கொண்டு திருக்கோவிலூருக்கும் நெல்லூருக்கும் அலைந்தார். 1913 ஜனவரியில் முன்பின் தெரியாத ஆங்கிலக் கணித அறிஞர் ஹார்டிக்குத் தேற்றங்களை எழுதி அனுப்பினார். இன்றைய பேச்சில் அது சுயவிளம்பரம். அதைச் செய்யாமல் துறைமுகக் குமாஸ்தாவாகவே இருந்திருந்தால் நமக்கு யார் நஷ்ட ஈடு தருவார்கள்? கிராமத்திலிருந்து முதல் தலைமுறையாகப் பல்கலைக்கழகத்துக்குள் வரும் ஒரு பெண், தன் கட்டுரையின் சுட்டியை நாலு பேருக்கு அனுப்பினால் அதைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது.

ஹார்டி அந்தக் கடிதத்தைப் படித்தார் என்பதுதான் கவனிக்க வேண்டியது. முதலில் சந்தேகப்பட்டார், பிறகு சக கணித அறிஞர் லிட்டில்வுட்டோடு உட்கார்ந்து தேற்றம் தேற்றமாகப் பார்த்தார். இராமானுஜன் எத்தனை பக்கம் அனுப்பினார், எத்தனை பேர் அவரை மேற்கோள் காட்டினார்கள் என்று அவர் எண்ணவில்லை. இன்று விளம்பரம் செய்பவர்கள் பெருகியிருக்கிறார்கள். படிக்கிற ஹார்டிகளுக்கு நேரமில்லை.

ஏன் இல்லை என்பதற்கு எண்கள் உண்டு. டெரிக் டி சோலா பிரைஸ் சிங்கப்பூர் ராஃபிள்ஸ் கல்லூரியில் ஆசிரியராக இருந்தபோது, ராயல் கழகத்தின் 1665ஆம் ஆண்டிலிருந்தான இதழ்த் தொகுதிகளைத் தன் வீட்டில் அடுக்கி வைத்திருந்தார். நூலகக் கட்டடம் முடியவில்லை என்பது காரணம். பத்துப் பத்து ஆண்டாக அடுக்கிய குவியலின் உயரம் மேலே மேலே செங்குத்தாக ஏறுவதைப் பார்த்து அவர் ஓர் ஆய்வுத் துறையையே தொடங்கினார். அறிவியல் இதழ்களின் எண்ணிக்கை ஐம்பது ஆண்டுக்குப் பத்து மடங்கு பெருகுகிறது என்பது அவர் 1961இல் சொன்ன கணக்கு. அவர் பார்த்தது சிற்றோடை. பெரிய தரவுத்தளங்களில் ஏறும் கட்டுரைகள் 2016ஐவிட 2022இல் சுமார் 47 விழுக்காடு அதிகம். ஆண்டுக்கு 28 லட்சம். கட்டுரை எழுதும் ஆராய்ச்சியாளர் எண்ணிக்கை அந்த வேகத்தில் பெருகவில்லை. அப்படியானால் அதே ஆட்கள் அதிகம் எழுதுகிறார்கள், அதிகம் மதிப்பிடுகிறார்கள், படிக்க மிச்சமிருக்கும் நேரம் அவ்வளவு குறைகிறது.

தமிழ்நாட்டில் இந்த வெள்ளத்துக்கு ஒரு தனி முகம் உண்டு. ஒருநாள் பன்னாட்டுக் கருத்தரங்கம். வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்பு வரும்: கட்டுரை ஐந்து பக்கம், பதிவுக் கட்டணம் இவ்வளவு, மதிய உணவும் சான்றிதழும் உண்டு, ஐ.எஸ்.பி.என். எண்ணுடன் நூலாக்கப்படும். 'பன்னாட்டு' என்பதை நியாயப்படுத்த இலங்கையிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ ஒருவர் இணையவழி வாழ்த்துவார். நூற்றுக்கு மேற்பட்ட கட்டுரைகள் ஒரு செங்கல் பருமனில் அச்சாகி வரும். ஆளுக்கொரு பிரதி, ஒவ்வொருவரும் தன் கட்டுரை இருக்கும் பக்கத்தைத் திறந்து பெயரில் எழுத்துப் பிழை இல்லையே என்று பார்த்து, நகல் எடுத்துக் கோப்பில் வைப்பார். மற்ற பக்கங்கள் ஒட்டிக்கொண்டே இருக்கும். சங்க இலக்கியத்தில் எத்தனையாவது தடவையாகவோ நீர் மேலாண்மை வரும்; முந்தைய கட்டுரை எதையும் அது சுட்டாது, ஏனென்றால் எழுதியவர் முந்தையதைப் பார்த்ததில்லை. இதில் ஆசிரியரை மட்டும் திட்டிப் பயனில்லை. வாரத்துக்குப் பதினாறு மணி நேரம் வகுப்பு எடுத்துவிட்டு, தேர்வுத்தாள் திருத்திவிட்டு, கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் குழுவுக்கு ஆவணம் தயாரித்துவிட்டு, மிச்ச நேரத்தில் புள்ளியும் சேர்க்கச் சொன்னால் அவர் வேறென்ன செய்வார்?

அரசும் இந்த வெள்ளத்துக்கு அணை போடாமல் இல்லை. தரமற்ற இதழ்கள் என்று 4,305ஐ யு.ஜி.சி. 2018 மே மாதம் தன் பட்டியலிலிருந்து நீக்கியது. அடுத்த ஆண்டு கேர் என்ற புதிய பட்டியல் வந்தது. பட்டியலில் இருக்கும் இதழின் பெயரிலேயே போலி இணையதளம் தொடங்கிப் பணம் கறந்தவர்கள் அதையும் தோற்கடித்தார்கள். 2025 பிப்ரவரியில் அந்தப் பட்டியலே கைவிடப்பட்டது. முனைவர் பட்டத்துக்கு முன் கட்டுரை வெளியிட்டாக வேண்டும் என்ற கட்டாயம் 2022 விதிகளில் போய்விட்டது. பல பல்கலைக்கழகங்கள் அதைத் தாங்களாகவே வைத்துக்கொண்டன. உலக அளவில் 2023இல் மட்டும் திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகள் பத்தாயிரத்துக்கு மேல். அதே ஆண்டு, சென்னையின் ஒரு பல் மருத்துவக் கல்லூரியில் நிறுவனத்தின் கட்டுரைகள் ஒன்றையொன்று மிகையாக மேற்கோள் காட்டித் தரவரிசை ஏறியதாக 'சயன்ஸ்' இதழ் விரிவாக எழுதியது; கல்லூரி மறுத்தது. ஆண்டுதோறும் கல்லூரி வாசல்களில் ஃப்ளெக்ஸ் ஏறும் 'உலகின் முதல் 2 விழுக்காடு விஞ்ஞானி' என்ற பட்டம் இன்னொரு கூத்து. அது மேற்கோள் எண்களை வைத்து ஜான் அயோனிடிஸ் குழுவினர் தயாரிக்கும் தரவுத்தளம். லட்சக்கணக்கான பெயர்கள் இருக்கும். யாரும் யாருக்கும் விருது தரவில்லை. தன்னைத்தானே சுட்டியதைக் கழித்தால் இடம் எவ்வளவு இறங்கும் என்பதையும் அதே தரவுத்தளம் சொல்கிறது. ஃப்ளெக்ஸில் அந்தப் பத்தியை இதுவரை நான் பார்த்ததில்லை.

தகவல் பெருக்கமும் சுயவிளம்பரமும் இரண்டு வெவ்வேறு தொல்லைகள் என்று பேசுவது வழக்கம். என் பார்வையில் ஒன்று மற்றதைப் பெற்றுப் போடுகிறது. தேர்வுக்குழுவுக்கு நாற்பது விண்ணப்பம், ஒவ்வொன்றிலும் முப்பது கட்டுரை. படிக்க நேரமில்லை, அதனால் எண்ணுகிறது. எண்ணுவார்கள் என்று தெரிந்ததும் எல்லோரும் பெருக்குகிறார்கள். பெருகியதில் தன்னுடையது தெரிய வேண்டும் என்று விளம்பரம் செய்கிறார்கள். அடுத்த குழுவுக்கு நேரம் இன்னும் குறைகிறது. சீர்காழிக்காரரான எஸ்.ஆர்.ரங்கநாதன் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தில் இருந்துகொண்டு 1931இல் நூலகவியலுக்கு ஐந்து விதி வகுத்தார். படிப்பவரின் நேரம் வீணாகக்கூடாது என்பது நான்காவது. நம் ஆராய்ச்சி நிர்வாகம் எழுதுபவரின் புள்ளியைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசுகிறது. படிப்பவரைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு 2024 நவம்பரில் 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி, சுமார் 13,000 இதழ்களைத் திறந்துவிட்டார்கள். நல்ல காரியம். படிக்க ஒரு மணி நேரம் யார் ஒதுக்குவார்கள்?

பூம்பாறைக்கு வருவோம். குழந்தை வேலப்பர் கோயிலுக்குக் கீழே அடுக்கடுக்காக இறங்கும் வயல்களில் விளையும் வெள்ளைப்பூண்டு, 'கொடைக்கானல் மலைப்பூண்டு' என்ற பெயரில் 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. விண்ணப்பத்துக்குப் பின்னால் இருந்தது கொடைக்கானல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்தின் உயிரித்தொழில்நுட்பத் துறை. இதற்கு என்ன செய்ய வேண்டும் என்று பாருங்கள். இந்தப் பூண்டு மற்ற பூண்டிலிருந்து எதில் வேறுபடுகிறது என்று ஆய்வகத்தில் காட்ட வேண்டும். எந்தெந்த ஊரில் விளைகிறது என்று வரைபடத்தோடு சொல்ல வேண்டும். எப்போது நடுகிறார்கள், எப்படிப் பதப்படுத்தி வைக்கிறார்கள் என்று விவசாயியிடம் கேட்டு எழுத வேண்டும். எவ்வளவு காலமாக அங்கே விளைகிறது என்பதற்குச் சான்று தேட வேண்டும். பிறகு நிபுணர் குழு முன்னால் நின்று குறுக்குக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். சுருக்கமாகச் சொன்னால், இதை ஒருவர் உண்மையிலேயே வரிவரியாகப் படிப்பார் என்று தெரிந்து எழுத வேண்டும். பேட்டன்ட்டுக்கு அட்டவணையில் புள்ளி உண்டு. புவிசார் குறியீட்டுக்கென்று அதில் ஒரு வரி கிடையாது. சமவெளிப் பூண்டை மலைப்பூண்டு என்று விற்பவரைத் தட்டிக் கேட்கப் பூம்பாறைக்காரருக்கு இன்று சட்டத்தில் ஒரு பிடி இருக்கிறது. அந்தப் பல்கலைக்கழகத்தின் எந்தக் கட்டுரையைவிடவும் இது மேலானது என்று அடித்துச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் யாருக்குப் பயன்பட்டது என்று கேட்டால் உடனே பதில் கிடைக்கிற ஆராய்ச்சி இது.

ஜெர்மனியின் ஆராய்ச்சி நிதி நிறுவனமான டி.எஃப்.ஜி. 2010இல் ஓர் எளிய விதி கொண்டுவந்தது: விண்ணப்பிப்பவர் தன் சுயவிவரத்தில் மிக முக்கியமான ஐந்து வெளியீடுகளை மட்டுமே காட்டலாம் என்றது அது.  நம் யு.ஜி.சி. 2025 ஜனவரியில் வெளியிட்ட வரைவு விதிகளும் இந்தப் புள்ளிக் கணக்கைக் கைவிட முன்வந்தன. துணைவேந்தர் நியமனத்தில் மாநில உரிமை பறிபோகிறது என்று தமிழக சட்டமன்றம் அந்த வரைவை எதிர்த்துத் தீர்மானம் போட்டது; எதிர்த்ததில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தச் சண்டையில் புள்ளி முறை பற்றிய பகுதி யார் வாயிலும் விழவில்லை. வரைவின் மற்ற பகுதிகள் எப்படிப் போனாலும், இதற்கு டெல்லியின் உத்தரவுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழுவிலோ, தேர்வுக்குழுவிலோ, விருதுக் குழுவிலோ உட்காரும் பேராசிரியர்கள் இதைப் படிக்கக்கூடும். அவர்களிடம் ஒரு விண்ணப்பம். புள்ளி கூட்டும் படிவம் அலுவலகத்தில் ஒரு பக்கம் இருக்கட்டும். அடுத்த நேர்காணலுக்கு வருபவரிடம், அவர் எழுதியதில் சிறந்தது என்று அவரே கருதும் மூன்று கட்டுரையை மட்டும் ஒரு வாரம் முன்பாகக் கேட்டு வாங்குங்கள். அவற்றைப் படித்துவிட்டு வந்து கேள்வி கேளுங்கள்.